அரை மூக்கு

மாவு, தண்ணீர், தூரிகை, அடுப்பு.
வடசேரியில் ஒரு மாடி லேபில்
பன்னிரண்டு வருடமாகப் பல் செய்கிறேன்.
சீட்டில் எண் வரும், நிறம் வரும், வயது வரும்,
வாய் வராது.
என் பல்லால் யார் சிரிக்கிறார்கள்,
யார் பனங்கிழங்கு கடிக்கிறார்கள்,
யார் பெண்டாட்டியை ஏசுகிறார்கள்,
தெரியாது.

ஆடி மழையில் குடையோடு ஏறி வந்த
குலசேகரத்து ஞானசிகாமணி
பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்தார்.
எஸ்டேட் பங்களா ஏலத்தில்
உடைந்த நாற்காலிகளோடு வந்து சேர்ந்ததாம்.
உள்ளங்கை அகல நீள்வட்டம்.
மெருகில்லாத நீலப் பீங்கான் மேல்
பக்கவாட்டில் ஒரு வெள்ளை முகம்.
சுருள் முடியில் ஒவ்வொரு சுருளும் இருந்தது,
காது மடல் இருந்தது,
கழுத்துத் துணியின் மடிப்புகூட இருந்தது.
மூக்கு இல்லை.

"பல்லு செய்யக்கூடிய பிள்ளைக்கு
மூக்கு ஒரு சோலியா?
அதும் பக்கத்து முகம், அரை மூக்கு போதும்.
கூலியும் அரையாக்கும்."

யாருக்க முகம் என்று கேட்டேன்.
"யாரா இருந்தா என்ன, கொச்சிக்காரன் வாங்குவான்."
பின்பக்கம் அழுத்திய பெயரில்
கடைசி மூன்று எழுத்துதான் மிச்சம்,
செய்தவர் பெயரோ, செய்யப்பட்டவர் பெயரோ.
அதற்குக் கீழே
மண் ஈரமாக இருந்தபோது
யாரோ பிடித்த பெருவிரல் தடம்.
என் விரலை வைத்துப் பார்த்தேன்.
என் விரல் பெரிது.
பத்து வயதுப் பிள்ளையின் விரலாக இருக்கும்.
டப்பாவை மூடினேன்.
பிறகு திறந்தேன்.

எங்கள் மணவாளக்குறிச்சிக் கரையில்
கருமணல் சலித்து சிர்க்கான் எடுக்கிறார்கள்.
அது எந்தெந்தக் கப்பலிலோ போய்
வெள்ளைக் கட்டியாகி
வேறு நாட்டு முத்திரையோடு
என் மேசைக்குத் திரும்புவதாக
நானே நினைத்துக்கொள்வது உண்டு.
இந்த முகமும் அப்படி எங்கிருந்தோ கிளம்பியதுதான்.

காலை பஸ்ஸில் மூக்கு தேடினேன்.
ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாரும்
நீலத்தில் பதித்த முகங்கள்.
அம்மாண்டிவிளையில் ஏறிய மீன்காரியின் மூக்கு
அந்தச் சுருள் முடிக்கு அதிகம்.
நர்சிங் மாணவியின் மூக்கு முடியுமுன்பே நின்றுவிட்டது.
வெள்ளிச்சந்தை தாண்டி
விசிலைக் கடித்தபடி வெளியே எட்டிப் பார்த்தார் கண்டக்டர்.
நடுவில் ஒரு மேடு,
நுனியில் சின்ன இறக்கம்.
கண்ணை மூடி அதை லேப் வரை கொண்டுபோனேன்.

மத்தியானம் சோற்றை ஆறவிட்டு
மெழுகில் வடித்தேன்.
என் மாவுக்குப் பளபளக்கத்தான் தெரியும்,
பல் என்றால் ஈரம் வேண்டுமே.
இந்த முகத்துக்கோ ஈரமே ஆகாது.
நான்கு தடவை சுட்டேன், நான்கையும் உடைத்தேன்.
ஐந்தாவதைத் தேய்த்துத் தேய்த்து
எலும்பு மாதிரி ஆக்கி
ஒட்டினேன்.

ஞானசிகாமணி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.
"பிறவி மூக்கு மாதிரியில்லா இருக்கு"
என்று பாதிக் கூலி தந்தார்.
அதாவது, பாதியில் பாதி.

பத்தாம் நாள் போன்.
"சதிச்சிட்டியே பிள்ளே!
கொச்சிக்காரன் ஏதோ ஊதா லைட்டு அடிச்சான்,
முகம் முழுக்க இருட்டு,
மூக்கு மட்டும் நின்னு எரியுது!"

ஆமாம், எரியும்.
கல்யாண வீட்டு ஊதா விளக்கில்
கட்டிய பல் கறுத்துத் தெரியக்கூடாது என்று
மாவில் அதைச் சேர்த்தே விற்கிறார்கள்.
மறந்துபோனேன்.
மன்னிப்புக் கேட்டு போனை வைத்தேன்,
சிரிப்பு வந்தது.
பெயர் போன முகம், பெயர் வராத விரல்,
நடுவே கொச்சியின் ஒரு இருட்டறையில்
மணவாளக்குறிச்சி வண்டியின் மூக்கு
தனியாக எரிந்துகொண்டிருக்கிறது.

மறுநாள் அதே பஸ்.
கண்டக்டர் குனிந்து சீட்டைக் கிழித்தார்.
இந்த வண்டியில் பெண்களுக்குக் காசில்லை.
ஏதாவது கொடுத்திருக்கலாம் அவருக்கு,
ஒரு ரூபாயாவது.
கையை நீட்டி
சும்மா வாங்கிக்கொண்டேன்.